மலை ரயிலுக்கு ஏன் டிக்கெட் கிடைப்பதில்லை? கூட்டம், கொள்ளளவு, பங்கீடு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏப்ரல் பிறந்தால் போதும், நீலகிரியில் குடியிருப்பவர்களுக்குக் கீழே இருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மலை ரயிலுக்கு நாலு டிக்கெட் எப்படியாவது எடுத்துக் கொடுப்பா" என்று பெரியம்மா கேட்பார், கூடப் படித்தவர் கேட்பார், எப்போதோ பேசிய மாமாவும் கேட்பார். உள்ளூரில் இருப்பவனுக்கு ஸ்டேஷனில் ஆள் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆள் தெரிந்தாலும் இருக்கைகள் அதிகமாகிவிடாது என்று சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

அந்த மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பே திட்டம் போட்டு, லீவு சொல்லி, காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்த பிறகும் திரையில் வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்தால் யாருக்கும் கோபம் வரும். பிள்ளைகளிடம் ரயில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கு இன்னும் கஷ்டம். உடனே மனசு போவது ஒரே இடத்துக்குத்தான்: யாரோ பதுக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, பிறகு அதற்கு வருகிறேன். ஆனால் பதுக்கலே இல்லாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு அந்த டிக்கெட் கிடைத்திருக்காது. அது ஏன் என்று புரிந்துகொள்ள மூன்று விஷயம் தெரிந்தால் போதும். இருக்கிற இடம் எவ்வளவு, ஒரே நேரத்தில் கேட்பவர்கள் எத்தனை பேர், இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்பதை எந்த விதி முடிவு செய்கிறது. முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு பெட்டி சேர்த்தால் என்ன?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பாதை சுமார் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899லும், ஊட்டி வரை 1908லும் ரயில் ஓடத் தொடங்கியது. முதல் சில கிலோமீட்டர் சமதரை. கல்லாறு தாண்டியதும் மலை நிமிர்ந்து நிற்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். சில இடங்களில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும்.

அதனால்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் உருவாக்கிய முறை இது. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பட்டைகளின் பற்களும் நேருக்கு நேராக இல்லாமல் முன்பின்னாக இருக்கும். ஒரு பல் விடுபடும் நொடியில் இன்னொரு பல் பிடித்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஒருவேளை இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்குமே தவிர, பள்ளத்தில் ஓடிவிடாது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஓர் ஊழியர் நிற்பார். இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அந்தச் சரிவில் எஞ்சின் எவ்வளவு எடையைத் தள்ள முடியுமோ அவ்வளவு பெட்டிதான் சேர்க்க முடியும். விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முன்பதிவில்லாத இருக்கைகள் எல்லாம் சேர்த்தாலும் இருநூறு பேருக்கு முன்பின். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மூன்று ஸ்லீப்பர் பெட்டியில் வருபவர்களே அதை நிரப்பிவிடுவார்கள்.

சரி, ஒரு ரயிலுக்குப் பதில் ஐந்து ரயில் விடலாமே? ஒற்றைப் பாதை. ஏறுவதற்கே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். நீராவி எஞ்சின் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்தப் பல்சக்கர எஞ்சினைக் கடையில் வாங்க முடியாது, இருப்பவை சிலவே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ஓடுகிற ஒரு ரயிலும் நின்றுபோகும். கோடையில் சில நாட்கள் கூடுதல் கட்டணத்தில் சிறப்பு ரயில் விடுகிறார்கள், அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனாலும் ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியாது.

பாதையை அகலமாக்கி, மின்சார ரயில் விட்டால் எல்லாருக்கும் இடம் கிடைக்கும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்தான். ஆனால் அப்போது பார்க்க வருவதற்கு என்ன இருக்கும்? 2005ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே அந்தப் பழைய பாதைக்கும் பல்சக்கரத்துக்கும்தான். நம்மை இழுக்கிற அதே விஷயம்தான் இடத்தையும் குறுக்குகிறது. மலையில் இருக்கும் பல இடங்களுக்கு இது பொருந்தும். பேரிஜம் ஏரியைப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து காட்டுக்குள் போக வேண்டும், வனத்துறை ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் அனுமதி கொடுக்கும், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் கொடைக்கானல் நகர ஏரிக்கரையில் இருக்கிற நெரிசல் பேரிஜத்துக்கும் வந்துவிடும்.

எல்லாரும் ஒரே நாளில் வந்தால்

இரண்டாவது விஷயம் தேவை. இதில் மொத்த எண்ணிக்கையைவிட, அது எந்த நாளில் வந்து குவிகிறது என்பதுதான் முக்கியம். ஆயிரம் பேருக்குச் சமைத்த கல்யாண வீட்டில் சாப்பாடு பற்றாமல் போகாது, ஆனால் எல்லாரும் முதல் பந்தியில்தான் உட்காருவேன் என்று நின்றால் பந்தியில் அடிதடி நடக்கும். ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை குன்னூருக்கு வந்து பாருங்கள், ஊர் அமைதியாக இருக்கும். அதே ஊருக்கு மே மாதம் மலர்க்காட்சி வாரத்தில் வந்தால் சிம்ஸ் பூங்கா பக்கம் நடக்கவே முடியாது.

நம் பள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் விடுமுறை. கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் அதே மாதங்களில்தான். சமவெளியில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது மூன்று மாநிலமும் ஒரே மலையைப் பார்க்கிறது. அதோடு சனி, ஞாயிறு, தீபாவளி, பொங்கல். வருடத்தில் பெரும்பகுதி நாட்கள் இருக்கைகள் ஓரளவு நிதானமாகப் போகும், சில வாரங்கள் மட்டும் ஒவ்வோர் இருக்கைக்கும் பல கைகள் நீளும். பார்க்கிற நமக்கு அந்தச் சில வாரங்கள்தான் கண்ணில் படும், ஏனென்றால் நாமும் அந்த வாரங்களில்தான் கேட்கிறோம்.

வரிசையின் நீளம் ஏன் திடீரென்று வாலைப் போல வளர்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. பழனி ரோப் காரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு மணி நேரத்தில் 300 பேரை மேலே கொண்டுபோக முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 290 பேர் வந்தால் வரிசையே தெரியாது. 330 பேர் வந்தால்? பத்து சதவீதம்தான் கூடுதல். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் 30 பேர் தேங்குகிறார்கள், ஐந்து மணி நேரத்தில் 150 பேர். கடைசியில் வந்து நிற்பவர் அரை மணி காத்திருக்க வேண்டும். மணிக்கு 450 பேர் வரும் நாளில் ஐந்து மணி நேரத்தில் 750 பேர் தேங்கிவிடுவார்கள், காத்திருப்பு இரண்டரை மணி நேரம். வருபவர்கள் ஒன்றரை மடங்குதான் ஆனார்கள். காத்திருப்போ ஒன்றுமில்லாததிலிருந்து இரண்டரை மணிக்குப் போய்விட்டது. காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்துவார்கள், அது அரை மணி நின்றாலும் அந்த அரை மணி நேரத்துக் கூட்டம் சாயங்காலம் வரை தொடரும்.

இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கும் கிடைக்கிறது. உங்களுக்கு முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் உள்ளே போகிறார்களோ அதால் வகுத்தால், நீங்கள் காத்திருக்க வேண்டிய நிமிடங்கள் வரும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961ல் இந்த உறவைக் கணித முறையில் நிரூபித்தார், இன்று மருத்துவமனை முதல் தொழிற்சாலை வரை அதைப் பயன்படுத்துகிறார்கள். ஊட்டி படகு இல்லத்தில் நிற்கும்போது ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பாருங்கள். நிற்பதா, வேறு இடம் போவதா என்று குடும்பத்துக்குள் நடக்கும் வாக்குவாதம் சட்டென்று தீர்ந்துவிடும்.

இருப்பதை யாருக்குக் கொடுப்பது?

இதுதான் மூன்றாவது விஷயம். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் ஏதோ ஒரு விதிப்படி சிலருக்குக் கொடுத்து, பலருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும். எந்த விதியாக இருந்தாலும் அதில் ஜெயிப்பவர்கள் ஒரு கூட்டம், தோற்பவர்கள் இன்னொரு கூட்டம். விதியை மாற்றினால் இருக்கைகள் அதிகமாகாது, ஜெயிப்பவர்கள்தான் மாறுவார்கள்.

விலையை ஏற்றுவது ஒரு விதி. காசு இருப்பவர் ஜெயிப்பார். மலை ரயில் கட்டணம் 2018ல் கணிசமாக ஏறியது. அப்புறமும் சீசனில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை எல்லாரும் பார்க்கிறோம். கூட்டத்தைக் குறைக்கும் அளவுக்கு இன்னும் ஏற்ற வேண்டுமென்றால் சாதாரணக் குடும்பம் அந்த ரயிலை ஸ்டேஷன் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டிவரும். பொதுப்பணத்தில் ஓடும் ரயிலுக்கு அது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

நேரில் வந்து வரிசையில் நிற்க வைப்பது இன்னொரு விதி. அதில் நேரம் இருப்பவர் ஜெயிப்பார். மேட்டுப்பாளையத்தில் முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் தெரியும். உள்ளூர் இளைஞர்களுக்கு அது முடியும். கைக்குழந்தையோடு ராமநாதபுரத்திலிருந்து வந்தவருக்கு முடியாது. ஆனால் அதில் ஒரு நல்லதும் உண்டு. ஸ்மார்ட்போனும் கார்டும் இல்லாதவருக்கும் அந்த வரிசை திறந்திருக்கிறது.

முன்பதிவு மூன்றாவது. முதலில் கேட்பவருக்கு முதலில். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே நொடியில் கதவைத் திறந்தால், முதலில் வருவது என்பது விரல் வேகமும் இணைய வேகமும் சேர்ந்த போட்டியாகிவிடுகிறது. காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்த முதல் சில நிமிடங்களில் நடப்பது அதுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இருப்பவரும், பெங்களூரில் அதிவேக இணைப்போடு நாலு கம்ப்யூட்டர் திறந்து வைத்திருப்பவரும் ஒரே கோட்டில் நிற்பதாகச் சொல்ல முடியாது.

பதுக்கல் நுழைவதும் இங்கேதான். முன்பதிவு மென்பொருளை வைத்து, பல கணக்குகளில் ஒரே நேரத்தில் டிக்கெட் எடுத்து, பிறகு அதிக விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். அனுமதியில்லாமல் ரயில் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூலையில் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது, அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவிலும் திறந்த முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள், பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டினார்கள். இதெல்லாம் நல்ல நடவடிக்கைகள். ஆனால் ஏஜென்ட் அத்தனை பேரையும் பிடித்து உள்ளே போட்டாலும் அந்த இருநூறு இருக்கை இருநூறாகத்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது விதி குலுக்கல். நம் ஊரில் இதைச் சுற்றுலாவுக்கு யாரும் சொல்வதில்லை, ஆனால் நமக்கு இது புதிதும் கிடையாது. திருமலையில் சில சேவைகளுக்கு இணையத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கிறோம். ஹஜ் பயணத்துக்கும், கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கும் குலுக்கலில்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் வேகத்துக்கு வேலை இல்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் பெயரைப் பதியலாம் என்றால் எஸ்டேட் தொழிலாளியும் பெங்களூர்க்காரரும் உண்மையிலேயே சமம். மென்பொருள் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் லாபமும் போய்விடும், ஏனென்றால் முதல் நொடியில் போய் நிற்பதால் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மலை ரயிலின் பாதி இருக்கைகளையாவது இப்படிக் கொடுத்துப் பார்க்கலாம். கிடைக்காதவருக்கு வருத்தம் இருக்கும், ஆனால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற எரிச்சல் இருக்காது. அந்த வித்தியாசம் பெரியது என்று நினைக்கிறேன். 2030ல் மறுபடி குறிஞ்சி பூக்கும்போது கொடைக்கானல் மலைக்கு இப்படி ஓர் ஏற்பாடு கண்டிப்பாகத் தேவைப்படும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் பூவைப் பார்க்க வருபவர்களை முதல் நொடிப் போட்டியில் விடுவது நியாயமாகாது.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம்

இ-பாஸ் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வண்டிகள் இணையத்தில் பதிந்து பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. முதலில் அதில் உச்சவரம்பு இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது, எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்கு மட்டும் சேர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு நீதிமன்றம் வரம்பு போட்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் வரம்பு கிடையாது. இங்குள்ள வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடையடைப்பும் நடத்தினார்கள். சீசன் வருமானத்தை நம்பி வருடம் முழுக்கக் குடும்பம் நடத்தும் லாட்ஜ்காரர், சாக்லேட் கடைக்காரர், டாக்சி ஓட்டுநர் இவர்களுடைய பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அதே வழக்கில் 2024ல் அரசு கொடுத்த புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு நீலகிரிக்குள் 20,011 வண்டிகள். அதில் கார்கள் 11,509, வேன்கள் 1,341, பஸ்கள் 637, இருசக்கர வண்டிகள் 6,524. ஒரு காரில் நாலு பேர், ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் என்று தோராயமாகப் போட்டுப் பாருங்கள். கார்களில் 46,000 பேர். பஸ்களில் கிட்டத்தட்ட 32,000 பேர். காரின் எண்ணிக்கை பஸ்ஸைப் போல பதினெட்டு மடங்கு, ஆனால் அவை கொண்டுவந்த ஆட்கள் ஒன்றரை மடங்குதான்.

அப்படியானால் மலையில் உண்மையில் தட்டுப்பாடு எதற்கு? கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுச் சாலைக்கும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும்தான். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழியாக்கியும் சமாளிக்க முடியவில்லை. தொட்டபெட்டா சிகரத்தில் 2,637 மீட்டர் உயரத்தில் நிற்க ஆட்களுக்கு இடம் இருக்கிறது, கார் திரும்பத்தான் இடம் இல்லை. அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்கிறது, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாட்டிக்கொள்கிறது. ஆகவே வண்டியை எண்ணி வரம்பு வைப்பது, ஆட்களை எண்ணி வரம்பு வைப்பதைவிடச் சரியானது. அதோடு மேட்டுப்பாளையத்திலிருந்தும் வத்தலகுண்டிலிருந்தும் அரசு பஸ்களைக் கூட்டினால், வரம்புக்குள்ளேயே இன்னும் அதிகம் பேர் மலையைப் பார்க்கலாம், கடைக்காரர்களுக்கும் வியாபாரம் குறையாது. வரம்பு போட்ட வேகத்தில் பஸ்ஸையும் கூட்டியிருக்க வேண்டும்.

டிக்கெட்டே தீராத இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் நுழைவுச்சீட்டு இல்லை என்று பொதுவாக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் அங்கே தட்டுப்பாடு இல்லை என்று அர்த்தமா? மலர்க்காட்சி நாளில் பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். இல்லை என்று வாசலில் சொல்லாமல், உள்ளே விட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுப்பது எப்படி

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல். மே 20 அன்று மலை ரயில் ஏற வேண்டுமென்றால் மார்ச் 21 காலை எட்டு மணி. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து ஏறுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த ரயில் முந்தின நாள் இரவே கிளம்புவதால் அதன் முன்பதிவு ஒரு நாள் முன்பே, மார்ச் 20 அன்றே திறந்துவிடும். சேலத்தில் நள்ளிரவு தாண்டி ஏறினாலும் கணக்கு ரயில் சென்னையில் கிளம்பும் தேதியிலிருந்துதான். இந்த ஒரு நாள் குழப்பத்தில் டிக்கெட்டைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து, பயணிகளின் பெயர்களைச் சேமித்து வைத்துவிடுங்கள். எட்டு மணிக்குப் பெயரும் வயதும் தட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நாலு பேராக ஒரே டிக்கெட்டில் தேடும்போது இல்லை என்று வந்தால், இரண்டு இரண்டாகத் தேடினால் கிடைப்பதுண்டு.

தேதியை நகர்த்த முடிந்தால் அதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. பள்ளி திறந்த பிறகு வாருங்கள், அல்லது வார நடுவில் வாருங்கள். ஓய்வுபெற்றவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மே மாதத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்குமே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் மட்டும் மழையால் ரயில் ரத்தாகலாம் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

முழுப் பயணம் கிடைக்காவிட்டால் குன்னூர் - ஊட்டி இடையே ஒரு நாளைக்குச் சில முறை ஓடும் ரயிலைப் பாருங்கள். அதில் பல்சக்கர ஏற்றம் இருக்காது, டீசல் எஞ்சின்தான். ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலைத் தோட்டமும் காய்கறி வயலுமாக அந்தப் பாதைக்கென்று தனி அழகு உண்டு. பிள்ளைகளுக்கு ரயில் என்றால் ரயில்தான், அவர்கள் சந்தோஷத்தில் குறை இருக்காது. நீராவி எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மதியம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரயிலுக்கும் தேடுங்கள், குன்னூருக்குக் கீழே நீராவி எஞ்சின் சேர்ந்துகொள்ளும். பலருக்கு ஏறுகிற ரயில் மட்டுமே ஞாபகத்துக்கு வருகிறது.

காரில் வருகிறவர்கள் அறை பதிவு செய்வதற்கு முன்பே இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் நின்று போனில் பதிந்துகொள்ளலாம் என்று வந்தால், உங்களோடு சேர்ந்து பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டும்.

அப்புறம், எடுத்த டிக்கெட் வேண்டாம் என்று ஆனால் தயவுசெய்து உடனே ரத்து செய்யுங்கள். காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலுக்கு முந்தின நாள் இரவே சார்ட், அதாவது இறுதிப் பயணிகள் பட்டியல், போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் ரத்தானால்தான் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கு அந்த இருக்கை போய்ச் சேரும், அவரும் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ பையைக் கட்டி வைத்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கடைசி நிமிடம் வரை வைத்திருந்துவிட்டு வராமல் போனால் அந்த இருக்கை காலியாகவே மலையேறும்.